என் மகள் வேறொருத்தியைப் பார்த்துக்கொண்ட நாள்

கப்பலுக்குப் போகும்போது ஒரு பெரிய காலிப் பையைக் கையோடு எடுத்துப் போனேன். மகளுடைய துணிமணிகளை அதில் போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே திருநெல்வேலிக்குத் திரும்பிவிடுவது என்பது திட்டம். என்னுடைய திட்டம் மட்டும்தான். வீட்டுக்காரர் வழக்கம்போல, "அவ வந்தா கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். அந்த "வந்தா" எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதையே மென்றுகொண்டு போனேன்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு என் மகள் தூத்துக்குடியில் வந்து நின்ற ஓர் இளையோர் பயிற்சிக் கப்பலில் சேர்ந்திருந்தாள். பாய் விரித்து ஓடுகிற கப்பல். ஆத்திர அவசரத்துக்கு எஞ்சினும் உண்டு. பையன்களும் பெண்களுமாக ஒரு மாதம் அதிலேயே தங்கி, கயிறு இழுக்க, பாய் ஏற்ற, சுக்கான் பிடிக்க, தளம் கழுவப் பழக வேண்டும். குடித்த காபித் தம்ளரைக் கழுவி வைக்காதவள் தளம் கழுவப் போகிறேன் என்றதும் முதலில் சரி சொன்னவளே நான்தான். கொஞ்சம் திருந்தி வரட்டும் என்று நினைத்தேன். நன்றாகச் செய்கிற சிலரை அதே கப்பலில் ஒரு வருடப் பயணத்துக்குக் கூப்பிடுவார்கள் என்பதும், என் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. போனில் கேட்டால், "பாக்கலாம்மா" என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? அதனால்தான் பை.

பையோடு வேறு இரண்டு ஏற்பாடுகளும் இருந்தன. ஒன்று, விடியுமுன் எழுந்து அவித்த இட்லி. இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டியது. அவளுக்கு அது போதும், உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். மற்றது, முந்தின நாள் நெல்லையப்பரிடம் போய் நின்று, பிள்ளை வீடு வந்து சேர வேண்டும் என்று கேட்டு வாங்கிய திருநீற்றுப் பொட்டலம். எங்கள் வீட்டில் வெளியூர் கிளம்புகிறவர்கள் அம்மா கையால் திருநீறு வாங்காமல் படி இறங்குவதில்லை. கப்பலுக்குக் கிளம்பிய அன்று போனைப் பார்த்துக்கொண்டே நெற்றியை மட்டும் என் பக்கம் நீட்டினாள். அப்படிப் பூசியது பலிக்கவில்லை, இந்த முறை ஒழுங்காகப் பூசிக் கூட்டிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன. அவற்றைத் தாண்டிக் கடைசியில் வெள்ளைக் கப்பல் நின்றது. ஓரத்தில் பிள்ளைகள் நீலச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். என் மகளைத் தேட வேண்டியிருந்தது என்பதே எனக்கு ஒரு அடி. கறுத்துப்போய், கன்னம் ஒட்டி, முடியை இறுக்கிக் கட்டி, தோள் விரிந்து யாரோ மாதிரி நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதைக் கப்பல் தலைவர் விளக்கினார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் வருகிற நாளில் எந்தப் பிள்ளையும் தன் அப்பா அம்மாவைக் கவனிக்கக் கூடாது, ஒவ்வொருவரையும் இன்னொருவர் வீட்டுப் பிள்ளைதான் பார்த்துக்கொள்ளும், கரைக்குத் திரும்பும்வரை இதுதான் கப்பலின் விதி என்றார். முன்பு ஒரு தடவை, ஒரு தகப்பனாருக்குத் தலைசுற்றியதும் மகன் பிடித்திருந்த கயிற்றை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் ஓடினானாம். பாய் சரிந்து இரண்டு பேருக்குக் கையில் அடி. அடுத்தவர் அப்பா என்றால் கயிற்றைக் கட்டிவிட்டுப் போயிருப்பான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இப்படி ஒரு விதியைப் பிள்ளை பெறாதவர்தான் போட்டிருக்க முடியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் மகள் பொறுப்பில் விட்டது புன்னைக்காயல்காரப் பெண் ஒருத்தியை. அவளுடைய மகள் பொறுப்பில் என்னை விட்டார்கள். நேருக்கு நேர் மாற்று. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல உடம்பு, கிளிப்பச்சைச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. கரையில் மீன் எடுத்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். குரல் அதற்கேற்ற குரல். என் மகள் அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. "ஆன்ட்டி என்ன ஆன்ட்டி, அத்தைன்னு கூப்புடு தாயி" என்று அவள் சொன்னதும் விழுந்தது. ஒரே வார்த்தையில் என் மகள் அத்தைக்கு மாறிவிட்டாள். சொந்த அத்தைகளைக் கூப்பிடச் சொன்னால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள்.

எனக்கு வாய்த்த பிள்ளை அமைதியானது. "பைய வாங்கம்மா, கயித்துல கால் தட்டிராம" என்று கையைப் பிடித்து ஏற்றி, மிதவைச் சட்டையை மாட்டி, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தது. நீச்சல் தெரியுமா என்று கேட்டது. தெரியும் என்றேன். சின்ன வயதில் குறுக்குத்துறையில் ஆற்றைக் குறுக்கே நீந்தி அக்கரை தொட்டுத் திரும்புவேன், பையன்கள் எனக்குப் பின்னால்தான் வருவார்கள். பெரியவளான வருடம் அது நின்றுபோனது. இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வந்தேன். ஆனால் அப்போது என் மகள் அந்தப் பச்சைச் சேலைக்காரியின் மிதவைச் சட்டைக்கு வார் போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து, அவள் முந்தானையை ஒதுக்கி இடுப்பில் செருகிவிட்டு, ஏதோ சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கப்பல் கிளம்பியது. காலையில் கரையிலிருந்து வீசுகிற காற்று. துறைமுகத்தைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினார்கள். சத்தம் நின்றதும் எல்லோரும் தானாகவே குரலைத் தாழ்த்தினார்கள். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்று இழுக்க, பாய் ஒவ்வொரு முழமாக மேலே ஏறியது. என் மகள் இரண்டாவதாக நின்றாள். வீட்டில் தண்ணீர்க் கேன் தூக்கச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது என்பாள். பாய் மேலே போய் விம்மி நின்றது. அவள் கயிற்றைக் கட்டையில் எட்டு மாதிரிச் சுற்றிக் கட்டிவிட்டு, நேரே அவளுடைய அத்தையிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நானும் பார்த்தேன் பாயை. நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

முள்ளக்காட்டுக்கு நேரே வரும்போது அந்த அத்தைக்குக் குமட்ட ஆரம்பித்தது. கடற்கரையில் பிறந்து, கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் குமட்டல். எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அவளுடைய மகளிடம் நைசாகக் கேட்டேன், உங்க அம்மாவுக்குக் கடல் பழக்கந்தானே என்று. அந்தப் பிள்ளை சொன்னது: "எங்க ஊர்ல பொம்பளைய வள்ளத்துல கால் வைக்க மாட்டாகம்மா. எங்க அம்மா கடலுக்குள்ள வாரது இன்னைக்குத்தான் முதல்." எனக்கும் அன்றுதான் முதல். ஆனால் நான் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். தளம் ஏறுகிறது, இறங்குகிறது, எனக்குத் தலைசுற்றல் என்ற பேச்சே இல்லை. சொல்லப்போனால் பசித்தது.

இந்தப் பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவள் வாந்தி எடுக்க எடுக்க என் மகள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கையால் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, ஒரு கையால் முதுகைத் தடவி, தன்னுடைய துண்டை நனைத்து முகம் துடைத்து. அந்தப் பூப்போட்ட துண்டு நான் வடக்கு ரத வீதியில் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. நெற்றியைத் தாங்குகிற அந்தப் பிடியும் என்னுடையதுதான். மகளுக்குக் காய்ச்சலில் வாந்தி வந்த ராத்திரிகளில் நான் அப்படித்தான் பிடிப்பேன். அவள் அதைத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவும் இன்னொருத்தி நெற்றியில் பார்த்துத் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் கப்பலில் வாந்தி வரவில்லையே என்று ஏங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஓரத்தில் போய்க் குனிந்துகூடப் பார்த்தேன். அந்தப் பிள்ளை பதறி ஓடிவந்து, "என்னம்மா செய்யுது?" என்று என் முதுகைத் தடவியது. ஒன்றும் செய்யவில்லை, மீன் தெரிகிறதா என்று பார்த்தேன் என்றேன்.

அப்போதுதான் இட்லி நினைவு வந்தது. விதி என்னைத்தானே கட்டிப்போட்டிருக்கிறது, இட்லியை இல்லையே. பொட்டலத்தை அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, என் மகளிடம் சேர்த்துவிடச் சொன்னேன். கொண்டுபோய்க் கொடுத்தது. மகள் பொட்டலத்தை மூக்கில் வைத்து மோந்து பார்த்து, தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. அடுத்து அவள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். இலையைப் பிரித்தாள். ஒரு இட்லியை எடுத்துச் சின்னதாகப் பிட்டு, "வெறும் வயித்துல இருந்தா இன்னும் பெரட்டும் அத்தை, இத மட்டும்" என்று சொல்லி அந்தப் பெண் வாயில் வைத்தாள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தின்றாள். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அவளே எடுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். "எண்ணெயும் பொடியும் தின்னதும் தெம்பாயிட்டு" என்று சத்தமாகச் சொன்னாள். என் இட்லி, என் பொடி, என் மகள் கை. அவள் வாய். எனக்கு வாயெல்லாம் கசந்தது.

புன்னைக்காயலுக்கு நேரே வந்தபோது கப்பலில் எல்லோரும் கரைப் பக்கம் கூடினார்கள். எங்கள் ஆறு கடலில் சேர்கிற இடம் அது. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்து, குளித்து, வெளியூர்த் தண்ணீரையெல்லாம் குறை சொல்லித் திரிந்தவள் நான். ஆறு எங்கே போய் முடிகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. தாழ்வான கரை, கொஞ்சம் மரம், நடுவில் ஒரு திறப்பு. தண்ணீர் மட்டும் அந்த இடத்தில் வேறு நிறமாக வெகுதூரம் வந்து கிடந்தது. இந்த ஆறுகூட என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் இத்தனை நாளும் இங்கே வந்து விழுந்துகொண்டிருக்கிறது என்று தோன்றியது. அன்று இருந்த இருப்பில் எனக்கு ஆற்றின் மேலும் கோபம்தான்.

பச்சைச் சேலைக்காரி எழுந்து கம்பியைப் பிடித்து நின்றாள். அவளுக்குத் தன் ஊர் எது என்றே பிடிபடவில்லை. என் மகள் அவள் தோளில் கையைப் போட்டு, "அந்தா, கோயில் தெரியுது பாருங்க. அதுக்கு வலப்பக்கம்" என்று காட்டினாள். அவர்கள் ஊரில் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், கரையில் நிற்கிற ஆட்கள் ஏன் தெரியவில்லை என்று. இவ்வளவு தூரத்திலிருந்து ஆள் தெரியாது என்றாள் மகள். சேலை நிறமாவது தெரியுமா என்று கேட்டாள். அதுவும் தெரியாது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வீட்டுக்காரர் கடலில் இருந்து திரும்புகிற நேரத்துக்கு நல்ல பளிச்சென்ற சேலையாகக் கட்டிக்கொண்டு கரையில் போய் நிற்பாளாம். "ஒன் சேலையப் பாத்துட்டுத்தான்ட்டி வள்ளத்தக் கரைக்கித் திருப்புதேன்னு சொல்லுவாரு. நானும் நம்பி, கடையில போனா தூரத்துக்குத் தெரியுத சேலையாக் கேட்டு வாங்குதேன்" என்றாள். இன்றைக்குக் கட்டிய கிளிப்பச்சையும் அந்தக் கணக்கில் வாங்கியதுதானாம். வீட்டுக்குப் போனதும் மனுசனுக்கு இருக்கிறது என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் பொய்யே சொல்லாதவர். ஒரு சேலையைப் பற்றி ஒரே ஒரு பொய், இத்தனை வருடத்தில் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு புருஷனும் இருக்கிறான், அது போதாமல் என் மகளும் வேண்டியிருக்கிறது என்று எனக்குள் எரிந்தது.

எரிந்துகொண்டு நிற்கும்போதே அதையும் பார்த்தேன். என் மகள் குனிந்து அவள் காதோரம் ஏதோ பேசினாள். கொஞ்சம் நீளமான பேச்சு. அந்தப் பெண் கேட்டுவிட்டு, சுருக்கமாக ஏதோ பதில் சொன்னாள். பிறகு பெருவிரலால் என் மகள் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டாள்.

பக்கத்தில் நின்ற அவளுடைய பிள்ளையிடம் அது என்ன என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். "கடலுக்குப் போறவங்களுக்கு எங்க ஊர்ல அம்மாமாரு போட்டு விடுவாங்கம்மா. அவ ஒரு வருசம் போறாள்லா, அதுக்குத்தான்" என்றது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. "உங்கட்ட சொல்லிட்டால்லா?"

"ம், சொன்னா" என்றேன்.

அதற்குமேல் அந்தப் பிள்ளை தன் கதையைச் சொன்னது. அதையும் கூப்பிட்டார்களாம், அது வேண்டாம் என்றுவிட்டதாம். நர்சிங் படித்துவிட்டு ஊர்ப்பக்கமே வேலை பார்க்கப் போகிறதாம், கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதாம். இன்றைக்குச் சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்குப் போகிறது. கடல்காரி மகள் வீட்டுக்குப் போகிறாள், என் மகள் கடலுக்குப் போகிறாள். அந்தப் பெண் காலிப் பைகூடக் கொண்டுவரவில்லை.

திருச்செந்தூர்க் கோபுரம் தெரிகிற இடத்தில் கப்பலைத் திருப்பினார்கள். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், ஆனால் முருகனிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. உச்சிவெயில் தாண்டியதும் காற்று கடல் பக்கமிருந்து ஓங்கி அடிக்க ஆரம்பித்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலையில் போனதைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடியது. அப்போதுதான் என் மகளைச் சுக்கானுக்குக் கூப்பிட்டார்கள்.

காலை அகட்டி நின்று சக்கரத்தைப் பிடித்தாள். பாயைப் பார்ப்பாள், முன்னால் பார்ப்பாள், திசைகாட்டியைப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் பாய். என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய அத்தையையும் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பயம் வரும் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை. காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்ததுதான் இன்னும் கொஞ்சம் கூடியது.

அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருந்தேன். ஆற்றில் அக்கரை தொட்டுத் திரும்பும்போது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் யாரும் இல்லை, அப்புறம் ஆறும் இல்லை.

விருந்தினர் ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் சக்கரத்தைப் பிடித்துப் பார்க்கலாம் என்றார் தலைவர். பச்சைச் சேலைக்காரி பயந்து பயந்து போனாள். என் மகள் பின்னால் நின்று அவள் கைகளின் மேல் தன் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டாள். என் முறை வந்தபோது மகள் முறை முடிந்து பாய்க்கயிற்றுக்குப் போய்விட்டாள், எனக்குப் பின்னால் அந்தப் பிள்ளைதான் நின்றது. பிடித்துக்கொள்ள வேண்டாம், நானே பிடிக்கிறேன் என்றேன். சக்கரம் சும்மா இருக்கவில்லை. உயிருள்ளது போல உள்ளங்கைக்குள் துள்ளியது. லேசாகத் திருப்பினால், எவ்வளவோ தூரத்தில் இருக்கிற கப்பலின் முனை கொஞ்சம் தாமதித்துத் தலையைத் திருப்பியது. இவ்வளவு பெரியது என் கைக்குத் திரும்புகிறது. நான் வேலை பார்க்கிற அலுவலகத்தில் என் பேச்சுக்கு மின்விசிறிகூடச் சுற்றாது. அடுத்தவர் வந்து நின்றார். அந்தப் பிள்ளை, "அம்மா, போதும்மா" என்றது. நான் கேட்டும் கேட்காத மாதிரி நின்றேன். "விடுங்கம்மா, மத்தவிய நிக்காக" என்று என் விரல்களை மெதுவாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

வெயில் தாழ்ந்தபோது துறையில் கட்டினார்கள். பலகை போட்டதும் விதி முடிந்தது. மகள் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். என் கையிலிருந்த காலிப் பையைப் பார்த்தாள், வாங்கி மூட்டையை அதற்குள் திணித்தாள். ஒரு நொடி நான் நம்பிவிட்டேன். எட்டிப் பார்த்தால் எல்லாம் அழுக்குத்துணி. நல்ல உடுப்பு ஒன்றுகூட இல்லை. "கப்பல்ல துவைக்கத் தண்ணி காணாதும்மா" என்றாள். ஆக, அழுக்குக்கு மட்டும் நான் தாய்.

"யம்மா, நான் வரலம்மா" என்றாள்.

"தெரியும்."

"அத்தை சொல்லிட்டாகளா? நான் ஒன்ட்ட எப்படிச் சொல்லன்னுதான் அவுகட்ட கேட்டேன். கரைக்குப் போனதும் ஒளிக்காமச் சொல்லிருன்னாக."

"அவ ஒண்ணும் சொல்லல."

"கோவமா?"

காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த பேச்சு எவ்வளவோ இருந்தது. துண்டு, இட்லி, அத்தை, சிலுவை என்று வரிசையாகக் கேட்க நினைத்தவை. வாயில் வந்தது வேறு.

"கோவம் இல்லட்டி. பொறாமை."

சிரித்துவிட்டாள். "அத்தை மேலயா? அது ரூல்ஸும்மா."

"நானும் காலைல இருந்து அவ மேலதான்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றேன். "ஒன் மேலட்டி."

அவள் சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள். நான் சக்கரத்தை விடாமல் நின்றதைப் பாய்க்கயிற்றுப் பக்கமிருந்து பார்த்திருக்கிறாள். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வீடு வந்து சேரக் கேட்டு வாங்கியதுதான். ஒரு வருடம் கழித்து வந்து சேர்ந்தாலும் சேர்வதுதானே, நெல்லையப்பர் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார். இந்த முறை அவள் கையில் போன் இல்லை. குனிந்து நின்றாள். சிலுவை போட்ட இடத்தையும் சேர்த்து, கொஞ்சம் அகலமாகவே பூசினேன். கண்ணில் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு ஊதினேன். காற்றுக்குப் பாதி என் மேலேயே வந்து விழுந்தது. அங்கே ஆட்டோவில் ஏறப் போன பச்சைச் சேலைக்காரி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள்.

அடுத்த வருடம் பெற்றோர் நாளுக்கு வருவாயா என்று மகள் கேட்டாள். அந்த விதி இருக்கிறவரைக்கும் பெற்றோராக வரமாட்டேன் என்றேன். "எந்த வயசு வரைக்கும் கப்பல்ல சேத்துக்கிடுவாகன்னு ஒங்க தலைவர்ட்ட கேட்டு வையி."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கேட்டுவிட்டுப் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பலகையில் ஏறி ஓடினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுக்குத்துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாகைக்குளம் தாண்டும்வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.